எக்ஸ்-மென் கடைசி சீசனில் முகங்கள் ஏன் மாறின?

பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட சூப்பர்ஹீரோக்களின் குழுவைப் பற்றிய பழைய எக்ஸ்-மென் கார்ட்டூன் தொடரை முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறவர்கள் ஐந்தாவது சீசனின் கடைசி ஆறு எபிசோடுகளுக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். அதுவரை பார்த்துப் பழகிய முகங்கள் திடீரென்று வேறு ஜாடையில் வருகின்றன. உடம்பில் விழுந்த நிழல் குறைந்துவிட்டது. உடையில் இருந்த மடிப்பும் பட்டையும் எளிமையாகிவிட்டன. குழுவில் ஒருவரான காம்பிட் வாயைத் திறந்தால் வேறு ஆள் பேசுவதுபோல இருக்கிறது. 2024 மார்ச்சில் 'எக்ஸ்-மென் 97' ஹாட்ஸ்டாரில் வந்த பிறகு இந்தக் குழப்பம் புதிய பார்வையாளர்களுக்கும் வந்திருக்கிறது. புதிய தொடர் பழையதன் முடிவிலிருந்து கதையை எடுப்பதால், இந்த ஆறையும் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.

காரணம் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். ஒன்று, இது தரம் குறைந்த பிரதி. இரண்டு, எழுதியவர்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. மூன்று, கடைசியில் வரைந்த ஸ்டூடியோவுக்குத் திறமை போதாது. முதல் பதில் தவறு; நல்ல பிரதியிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதற்குப் பிறகு வருவோம். மூன்றாவதுதான் அதிகம் சொல்லப்படுகிறது, மிகவும் அநியாயமானதும் அதுதான்.

அந்த மூன்றாவது பதிலைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறவர்கள் சும்மா கடந்துபோக முடியாது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் வளர்ந்து, அனிமேஷன் படித்து, திருவனந்தபுரம் கழக்கூட்டத்து டெக்னோபார்க் பக்கம் வேலை தேடுகிற பிள்ளைகள் உட்காரப்போவது அந்தப் பதில் குற்றம் சாட்டுகிற நாற்காலியில்தான். வேறு நாட்டில் எழுதி, வேறு நாட்டில் திட்டமிட்ட தொடருக்கு ஒப்பந்தத்தில் படம் வரைகிற நாற்காலி அது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கடைசி சீசன் ஏன் அப்படி ஆனது என்பதும் விளங்கிவிடும். அடிப்படையிலிருந்தே போவோம்.

தொடர் யாருடையது

எக்ஸ்-மென் அமெரிக்காவின் ஃபாக்ஸ் கிட்ஸ் என்ற குழந்தைகள் ஒளிபரப்பில் 1992 அக்டோபர் 31 அன்று முன்னோட்டமாக வந்தது. கடைசி எபிசோடான 'கிராஜுவேஷன் டே' 1997 செப்டம்பர் 20 அன்று ஒளிபரப்பானது. ஐந்து சீசன், மொத்தம் 76 எபிசோடு. ஃபாக்ஸ் கிட்ஸின் தலைவராக இருந்த மார்கரெட் லெஷ் விடாப்பிடியாக நின்றதால்தான் தொடர் கிடைத்தது. எழுத்துப் பொறுப்பு எரிக் லெவால்டுக்கு. காட்சிப் பொறுப்பில் முக்கியமானவர் லாரி ஹூஸ்டன்.

பணமும் வேலையும் பல கைகளில் பிரிந்திருந்தன. பாத்திரங்களின் உரிமை மார்வெலிடம். தயாரிப்பு சபான் நிறுவனத்திடம். அமெரிக்காவில் நடக்கிற முன்வேலை கிராஸ் என்டர்டெய்ன்மென்ட் என்ற சிறிய நிறுவனத்திடம். படம் வரைகிற வேலை தென்கொரியாவின் சியோலில் இருந்த ஏகாம் ஸ்டூடியோவிடம். 'சிம்ப்ஸன்ஸ்' தொடருக்கு வரைந்த அதே ஏகாம்தான்.

அந்தக் காலத்துச் சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்களில் ஒரு வாரம் நடந்தது அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. எக்ஸ்-மென்னில் அப்படி இல்லை. இறந்தவருக்காக அழுதார்கள், பிரிந்தவர் மாதக்கணக்கில் திரும்பவில்லை, பிறப்பால் வேறுபட்டவர்களை ஊர் வெறுப்பதுதான் கதையின் நடுத்தண்டு. குழந்தைகளை இவ்வளவு நம்பி எழுதிய சூப்பர்ஹீரோ கார்ட்டூன் அதுவரை அபூர்வம். கடைசி சரிவு இத்தனை வலிப்பதற்குக் காரணமும் அதுவே.

ஒரு எபிசோடு செய்கிற வழி

1990-களில் கையால் வரைந்த ஒரு டிவி கார்ட்டூன் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகும்.

1. கதையும் வசனமும் எழுதப்படும்.

2. குரல் பதிவு. படம் வரைவதற்கு முன்பே குரல் பதிவாகிவிடும். வாயசைவைக் குரலுக்கு ஏற்ப வரைவார்கள். எக்ஸ்-மென்னுக்குக் கனடாவின் டொரன்டோவில் நடந்தது.

3. ஸ்டோரிபோர்டு. ஒவ்வொரு ஷாட்டையும் சின்னச் சின்னக் கட்டங்களில் வரைந்து, கேமரா எங்கே நிற்கும், யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்று காட்டுவது.

4. மாடல் ஷீட். ஒரு பாத்திரம் முன்னால், பக்கவாட்டில், பின்னால் எப்படித் தெரியும், கோபத்தில் புருவம் எங்கே போகும், இன்னொருவர் பக்கத்தில் நின்றால் எவ்வளவு உயரம் என்று வரைந்து வைத்த தாள். நூறு பேர் வரைந்தாலும் வால்வரின் ஒரே வால்வரினாக இருக்க இந்தத் தாள்தான் பொறுப்பு.

5. டைமிங். எந்த அசைவுக்கு எத்தனை பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடுகிற தனித்தனிப் படம், என்று எக்ஸ்-ஷீட் என்ற நீள அட்டவணையில் எழுதுவது.

6. இவ்வளவும் கட்டாகக் கட்டி வெளிநாட்டு ஸ்டூடியோவுக்கு அனுப்பப்படும். அங்கே ஒவ்வொரு ஷாட்டிலும் உருவமும் பின்னணியும் எங்கே நிற்கும் என்று லேஅவுட் போடுவார்கள். மூத்த கலைஞர்கள் அசைவின் முக்கியமான நிலைகளை வரைவார்கள். அது கீ அனிமேஷன். இடைப்பட்ட படங்களை இளையவர்கள் நிரப்புவார்கள், அது இன்-பிட்வீன். பிறகு செல் என்ற கண்ணாடி போன்ற தாளில் படியெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு பிரேமாகப் படம் பிடிப்பார்கள்.

7. முடிந்த படம் அமெரிக்காவுக்கு வரும். தவறுகளைப் பட்டியலிட்டுத் திருப்பி அனுப்பினால் அது ரீடேக். பிறகு எடிட்டிங், இசை, ஒளிபரப்பு.

பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது ஆறாவது படியின் விளைவு மட்டும். அதனால்தான் குறை என்றால் விரல் நேராக அங்கே நீள்கிறது. ஆனால் அந்தப் படிக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எத்தனை ரீடேக் என்பது மற்றவர்கள் முடிவு செய்வது.

கணக்கு போட்டுப் பார்த்தால்

விளம்பரம் போக ஒரு எபிசோடு சுமார் 22 நிமிடம். அதாவது 1,320 விநாடி. விநாடிக்கு 24 பிரேம் என்றால் 31,680 பிரேம். ஒவ்வொரு பிரேமுக்கும் புதுப்படம் வரைவதில்லை. ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் 15,840 படம், மூன்று பிரேமுக்கு வைத்தால் 10,560 படம். பேசுகிறவரின் வாய் மட்டும் அசைந்து உடம்பு அப்படியே நிற்கிற ஷாட்டுகளால் எண்ணிக்கை இன்னும் குறையும். ஆனால் ஒரே ஷாட்டில் ஐந்து பேர் நின்றால் ஐந்து பேருக்கும் தனித்தனிச் செல். எக்ஸ்-மென் என்பதே கூட்டம். அவர்கள் தனியாக நிற்கிற ஷாட்டே குறைவு.

அதற்கு மேல் உடை. தொடரின் தோற்றம், 1991-ல் ஜிம் லீ வரைந்த காமிக்ஸிலிருந்து எடுத்தது. அந்த ஆண்டு வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தப் பரபரப்பைத்தான் டிவிக்குக் கொண்டுவந்தார்கள். ஜிம் லீயின் பாத்திரங்களுக்கு ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சைக்ளாப்ஸுக்கு மார்பில் பட்டை, இடுப்பில் பை, தொடையில் வார். ரோக் போட்டிருக்கும் ஜாக்கெட்டுக்கு மடிப்பு. காம்பிட்டுக்கு நீளக் கோட்டு. அச்சில் ஒரு பக்கத்தை ஒரு முறை வரைந்தால் போதும். இங்கே அதே பட்டையையும் பையையும் ஆயிரக்கணக்கான தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்த்தி வரைய வேண்டும். ஓர் உருவத்தில் பத்துக் கோடு குறைத்தால் ஓர் எபிசோடில் எத்தனை ஆயிரம் கோடு மிச்சம் என்று பாருங்கள். செலவைக் குறைக்க நினைக்கிற தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது அங்கேதான்.

தொடக்கத்திலேயே ஒரு சறுக்கல்

இந்தத் தொடரின் நல்ல காலம் என்று எல்லோரும் நினைக்கிற முதல் சீசன் நல்லபடியாகத் தொடங்கவில்லை. 1992 செப்டம்பரில் வரவேண்டியது அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. ஏகாம் அனுப்பிய முதல் எபிசோடில் நூற்றுக்கணக்கான பிழைகள். இரண்டாவது எபிசோடு பல காட்சிகள் குறைவாக, கெடு முடிகிற நேரத்தில் வந்தது. பிழையோடுதான் முன்னோட்டம் ஒளிபரப்பானது. ஏகாமின் ஒப்பந்தமே முறிகிற நிலை வந்தது. 1993 தொடக்கத்தில் மறுஒளிபரப்பு செய்தபோது பிழைகளைத் திருத்தியிருந்தார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். கடைசி ஆறு எபிசோடுகளை வரைந்த ஸ்டூடியோவோடு ஒப்பிட்டு, இன்று ரசிகர்கள் மேலாக வைத்துப் பேசுகிற ஸ்டூடியோவின் முதல் வேலை அப்படி இருந்தது. அங்கிருந்து அது தேறியது எப்படி? திருத்துவதற்கு நேரம் கிடைத்தது. திருத்து என்று சொல்ல ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அக்கறை இருந்தது. அப்புறம் நாலு வருஷம் அதே முகங்களை வரைந்து வரைந்து கை பழகியது.

65 என்ற எண்

பணக் கதைக்கு வருவோம். அமெரிக்க டிவியில் அப்போது ஒரு கார்ட்டூனுக்கு 65 எபிசோடு என்பது ஓர் எல்லைக்கல். வாரத்துக்கு ஐந்து நாள், 13 வாரம்: 65. அத்தனை இருந்தால் தினசரி மறுஒளிபரப்புக்கு விற்கலாம். அந்த எண்ணைத் தொட்டதும் பல தொடர்களை நிறுத்திவிடுவார்கள்; புதிதாக எடுப்பதைவிட இருப்பதைச் சுற்றவிடுவது லாபம்.

எக்ஸ்-மென்னையும் அங்கேயே முடிப்பதாகத்தான் திட்டம். 1995 நவம்பரில் வந்த 'பியாண்ட் குட் அண்ட் ஈவில்' என்ற நான்கு பாகக் கதையை நிறைவுக் கதையாகவே யோசித்திருந்தார்கள். குழுவில் இருக்கிற சைக்ளாப்ஸும் ஜீனும் கல்யாணம் செய்துகொள்வதில் தொடங்குகிற அந்தக் கதையின் வீச்சைப் பார்த்தாலே அது புரியும். ஆனால் தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் ஃபாக்ஸ் இன்னும் கேட்டது. அப்படிச் சேர்ந்தவைதான் மீதிப் பதினொன்று.

இங்கேதான் இரண்டாவது பதிலில் உள்ள கொஞ்சம் உண்மை. பெரிய முடிவை நோக்கி நாலு சீசன் கட்டிய கதை, அந்த முடிவைத் தாண்டியும் நடக்க வேண்டியதாயிற்று. ஆகவே பின்னால் வருகிற எபிசோடுகளில் சில தனித்தனிக் கதைகளாக நிற்கின்றன. குழுவின் சிறுமி ஜூபிலி குழந்தைகளுக்கு ராஜா ராணிக் கதை சொல்கிற எபிசோடு, வால்வரினும் கேப்டன் அமெரிக்காவும் இரண்டாம் உலகப்போரில் சேர்ந்து இறங்குகிற எபிசோடு, இவையெல்லாம் அப்படி. தனித்தனியாகப் பார்த்தால் மோசமில்லை. பெரிய கதையை முன்னே தள்ளுவதில்லை, அவ்வளவே.

மார்வெலுக்கு என்ன நேர்ந்தது

1990-களின் தொடக்கத்தில் காமிக்ஸ் இதழ்களைப் படிப்பதற்கு வாங்கியவர்களைவிட, நாளைக்கு விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைத்தவர்களால் விற்பனை வீங்கியது. ஒரே இதழைப் பல அட்டைகளில் அச்சிட்டு விற்றார்கள். எல்லோரிடமும் இருக்கிற பொருளுக்கு விலை ஏறாது என்று வாங்கியவர்களுக்குப் புரிந்ததும் சந்தை சரிந்தது. காமிக்ஸ் கடைகள் மூடின. அதே நேரத்தில் மார்வெல் கடன் வாங்கி விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகள் விற்கும் நிறுவனங்களை வாங்கியிருந்தது. 1994-ல் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்த வியாபாரமும் படுத்தது. 1996 டிசம்பர் 27 அன்று மார்வெல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

தொடரின் கடைசி எபிசோடுகள் தயாரான காலம் இதுவே. மார்வெல் தரப்பில் பணமில்லாத நிலையில், மிச்சத்தை சபான் தன் செலவில் முடிக்க வேண்டி வந்தது. எபிசோடுகளின் எண்ணிக்கை குறைந்தது. படம் வரைகிற வேலை சியோலிலிருந்து செலவு குறைவான வழிக்கு, ஃபிலிப்பீன்ஸ் நாட்டில் இருந்த ஃபிலிப்பீன் அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு மாறியது. 'தி ஃபிஃப்த் ஹார்ஸ்மேன்' எபிசோடிலிருந்து முகங்கள் மாறுவதற்கு நேரடிக் காரணம் இந்த மாற்றம்.

அந்த ஆறில் மாறியவை

1. உருவங்களின் வடிவமைப்பு. முகத்திலும் உடம்பிலும் கோடுகள் குறைக்கப்பட்டன. பழைய மாடல் ஷீட்டை அப்படியே கொடுத்திருந்தால் புது ஸ்டூடியோவால் அந்தப் பணத்துக்குள் முடித்திருக்க முடியாது.

2. நிழல். பழைய எபிசோடுகளில் தசைமேல் விழுகிற கறுப்புத் திட்டு பல இடங்களில் போய், வண்ணம் தட்டையாகத் தெரிகிறது.

3. காம்பிட்டின் குரல். பெரும்பாலான எபிசோடுகளில் பேசிய கிறிஸ் பாட்டர் போய், கடைசியில் டோனி டேனியல்ஸ் பேசினார். இதற்கும் ஸ்டூடியோ மாற்றத்துக்கும் தொடர்பில்லை. குரல் பதிவு வேறு நாட்டில் நடப்பது. ஆனால் முகமும் குரலும் சேர்ந்தே மாறியதால் பார்க்கிறவருக்கு அதிர்ச்சி இரட்டிப்பு.

4. கை மாறியது. பட்டியலில் கடைசியில் வந்தாலும் முதலில் வைத்துப் பேச வேண்டியது இது.

தோவாளை மாணிக்கமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அரளியை மடித்து மடித்து, நடுவே நொச்சி இலை கொடுத்து, கல் பதித்ததுபோலத் தட்டையாகக் கட்டுகிற மாலை. பல வருஷமாக ஒரே வீட்டில் கட்டிவந்த மாலையைக் குறைந்த கூலிக்கு வேறு ஊரில் கட்டித் தரச் சொன்னால் முதலில் மடிப்பு குறையும். தூரத்திலிருந்து மாலை மாதிரியே தெரியும். கிட்டே போனால் கல் தெரியாது. புதிதாகக் கட்டுகிறவர் நல்ல கைக்காரராகவே இருக்கலாம். அந்த மடிப்பைப் பழகுவதற்கு அவருக்கு யாரும் நாள் கொடுக்கவில்லை.

ஏகாம் கலைஞர்களுக்கு நாலு வருஷம் கிடைத்தது. ஃபிலிப்பீன்ஸ் கலைஞர்களுக்கு ஆறு எபிசோடுகள் கிடைத்தன. முதல் இரண்டு எபிசோடிலேயே சியோலில் என்ன நடந்தது என்று மேலே பார்த்தோம். அதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் யாரைத் திறமையற்றவர் என்று சொல்வது?

கோடு குறைந்தால் தரம் குறையுமா

குறைய வேண்டியதில்லை. இதற்கு அதே காலத்திலேயே சாட்சி இருக்கிறது. 'கிராஜுவேஷன் டே' வெளியான அதே 1997 செப்டம்பரில் பேட்மேன் கார்ட்டூன் புதுத் தோற்றத்தில் திரும்பி வந்தது. அதிலும் கோடுகள் குறைந்திருந்தன. பேட்மேன் உடையில் மஞ்சள் வட்டம் போய்விட்டது, முகங்கள் இன்னும் கூர்மையான எளிய வடிவங்களாகிவிட்டன. அந்த மாற்றத்தை விரும்பாதவர்கள் உண்டு. ஆனால் அசைவு கெடவில்லை. பல இடங்களில் கூடியது.

வித்தியாசம் எங்கே என்றால், பேட்மேன் குழுவின் புரூஸ் டிம் தொடக்கத்திலிருந்தே குறைந்த கோடுகளை நம்பி வடிவமைத்தவர். எந்தக் கோட்டை எடுத்தால் உருவம் நிற்கும், எதை எடுத்தால் விழும் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. மிச்சமான உழைப்பு அசைவுக்குப் போனது. எக்ஸ்-மென்னில் உருவங்கள் ஜிம் லீயின் தசைகளையும் பட்டைகளையும் நம்பியே நின்றவை. அவற்றைக் கழித்தபோது மிச்சமிருந்த வடிவத்துக்குத் தனியாக நிற்கிற பலம் கொடுக்கப்படவில்லை. மிச்சமான செலவு அசைவுக்கும் போகவில்லை. அது மிச்சமாகவே ஆனது. இரண்டுக்கும் 'எளிமையான அனிமேஷன்' என்று ஒரே பெயர் வைத்துப் பேசுவது தவறு.

விழாதது

இவ்வளவுக்குப் பிறகும் கடைசி எபிசோடு நிற்கிறது. குழுவை உருவாக்கிய பேராசிரியர் சேவியர் பொதுமேடையில் தாக்கப்பட்டுச் சாகக் கிடக்கிறார். பூமியில் அவரைப் பிழைக்க வைக்க வழியில்லை. வேற்றுலக அரசி லிலாண்ட்ராவின் ஷியார் உலகத்துக்குக் கொண்டுபோனால் உண்டு, ஆனால் திரும்பி வருவது உறுதியில்லை. மறுபக்கம் சேவியரின் பழைய நண்பரும் எதிரியுமான மேக்னிட்டோ பின்னால் ஒரு படையே திரண்டு, போருக்குத் தயாராக நிற்கிறது. நண்பனுக்காக அவர் அதை விட்டுவிட்டு வருகிறார். படுக்கையில் இருந்தபடி சேவியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து விடைபெறுகிறார்.

இந்தக் காட்சியில் வரைந்த கோடு எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. சேவியருக்குப் பேசிய செட்ரிக் ஸ்மித்தின் குரல் தாங்குகிறது, ஐந்து வருஷம் சேர்த்துவைத்த கதை தாங்குகிறது. எழுத்து, குரல், வரைகலை ஆகிய மூன்றில் பணம் வற்றியதும் முதலில் அடிபட்டது வரைகலை. அதிலேயே உழைப்பு அதிகம், செலவும் அதிகம். எழுத்துக்கு அடி குறைவு. ஆகவே 'கடைசி சீசன் மோசம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளுவது அந்த எழுத்துக்குச் செய்கிற அநியாயம் என்றே சொல்வேன்.

ஜீன் செத்தாரா இல்லையா: வரிசைக் குழப்பம்

ஐந்தாவது சீசனைப் பற்றிய இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். 'நோ மியூட்டன்ட் இஸ் அன் ஐலண்ட்' என்ற எபிசோடில் ஜீன் இறந்துவிட்டார் என்று சைக்ளாப்ஸ் துக்கத்தில் குழுவை விட்டே போகிறார். ஆனால் நாம் ஏற்கனவே அவர்கள் கல்யாணத்தைப் பார்த்தாயிற்று! அது கதாசிரியர்களின் மறதி இல்லை. அந்த எபிசோடு மூன்றாவது சீசனில், 1994-ல் வந்த, ஜீன் இறந்ததாக முடிகிற ஃபீனிக்ஸ் கதைக்கு அடுத்து வரவேண்டியது. படம் சரியாக வராமல் தள்ளிப்போய், 1996-ல்தான் வெளியானது. வரிசையாகப் பார்க்கிறவர் அதை ஃபீனிக்ஸ் கதைக்கும் டார்க் ஃபீனிக்ஸ் கதைக்கும் நடுவே எடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். ஸ்ட்ரீமிங்கில் இருக்கிற வரிசையும் அன்று ஒளிபரப்பான வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

கழக்கூட்டம் எங்கே வருகிறது

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். அங்கே டெக்னோபார்க்கில் 1999-ல் தொடங்கிய டூன்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது. நம் பிள்ளைகள் டிவியில் பார்த்த தெனாலி ராமன் கார்ட்டூன் அங்கே உருவானதுதான். மார்வெலின் 'வால்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்' தொடரின் 26 எபிசோடுகளிலும் டூன்ஸின் பங்கு இருந்தது; அது 2008-2009-ல் வெளியானது. எக்ஸ்-மென் என்றால் எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சோலி என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த முகங்களில் ஒரு பங்கு நமக்கு அடுத்த ஊரில் உருவாகியிருக்கிறது.

அந்தத் தொடர் எப்படி முடிந்தது என்று பாருங்கள். அடுத்த சீசனுக்கு அடிபோட்டு, பெரிய கதைக்கு வாசல் திறந்து வைத்துவிட்டு முதல் சீசன் நின்றது. இரண்டாவது சீசன் வரவேயில்லை. பார்வையாளர் இல்லாததால் அல்ல, போட வேண்டிய பணம் சேராததால். 1997-ல் பணம் வற்றியபோது தரத்தைக் குறைத்து முடித்தார்கள். இங்கே முடிக்காமலே விட்டார்கள். வரைந்தவர்களுக்கு இரண்டு முடிவிலும் பேச்சில்லை.

இன்று செல் தாள் இல்லை, வண்ணக் குப்பி இல்லை, எல்லாம் திரையில். ஆனாலும் ஏற்பாடு பெரிதும் அதேதான். வாரத்துக்கு இத்தனை விநாடி முடிக்க வேண்டும் என்ற அளவு, எத்தனை ரீடேக் வரை ஒப்பந்தத்தில் சேர்ந்தது என்ற கணக்கு, வெளிநாட்டிலிருந்து வருகிற மாடல் ஷீட். இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளும் அவர்களை அனுப்புகிற அம்மா அப்பாவும் மென்பொருள் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்பார்கள். அதோடு இவற்றையும் கேட்க வேண்டும்: ஒருவருக்கு வாரத்துக்கு எத்தனை விநாடி ஒதுக்குகிறார்கள்? ரீடேக் வந்தால் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? முடிவில் வரைந்தவர் பெயர் திரையில் வருமா? ஒரு தொடர் நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் இந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.

'எக்ஸ்-மென் 97'-க்கு வரைந்ததில் முக்கியமானது ஸ்டூடியோ மிர். அதுவும் சியோலில்தான் இருக்கிறது. பழைய மஞ்சள் நீல உடையையும் பையையும் பட்டையையும் விடாமல் வைத்துக்கொண்டு, அசைவை எங்கேயோ கொண்டுபோயிருக்கிறார்கள். பழைய தொடரின் எரிக் லெவால்ட், அதற்கு எழுதிய ஜூலியா லெவால்ட், லாரி ஹூஸ்டன் மூவரையும் ஆலோசனைக்கு அழைத்தார்கள். வால்வரினுக்குப் பேசிய கால் டாட், ரோக்குக்குப் பேசிய லெனோர் ஜான் போன்றவர்கள் திரும்ப வந்தார்கள். முதல் சீசன் பத்தே எபிசோடு. குறைந்த எண்ணிக்கையில் அதிக நேரமும் பணமும் போட்டால் அந்தப் பழைய வடிவமைப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு

'97' பார்ப்பதற்கு முன் அந்த ஆறு எபிசோடுகளையும் பார்க்க நேரமில்லை என்றால்:

1. 'டிசென்ட்' பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கிற கதை. வில்லன் மிஸ்டர் சினிஸ்டர் எப்படி உருவானார் என்று சொல்கிறது. புதிய தொடரில் அவர் வரும்போது உதவும்.

2. 'கிராஜுவேஷன் டே' கட்டாயம். '97' அந்தப் படுக்கையில் நடந்த பிரிவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

3. மற்ற நான்கையும் பிறகு, தனிக் கதைகளாகப் பார்க்கலாம். ஜூபிலி கதை சொல்கிற எபிசோடைச் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பது நல்லது. அதில் முகம் மாறியிருப்பது உறுத்தாது. அது ஒரு சிறுமி தன் மனதில் வரைந்துகொண்ட கதைதானே.